ஜங்கார் சரிவில் நின்ற வண்டி

மட்டாஞ்சேரி

அன்பு மகள் தன்யாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் நீ பதறிக் கேள்வி கேட்பாய், நான் பாதியில் மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம். தை மாதம் வரும்போது குழந்தையை நம் பழைய அம்பாசிடரில் வைத்து, வண்டி ஏற்றும் ஜங்கார் படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து செறாய் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாயே. உன்னையும் கைக்குழந்தையாக அப்படித்தான் கொண்டுபோனோம், அன்று சார்ஜ் மீட்டரின் முள் எவ்வளவு சாய்ந்து நின்றது என்பதுகூட என் கண்ணில் இருக்கிறது. அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆயுத பூஜை கழிந்ததிலிருந்தே பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி வைத்தேன், பெல்ட்டை இறுக்கினேன், தோப்பும்படி மெக்கானிக் சேவியர் டைனமோவைக் கழற்றிப் பிரஷ் மாற்றினான், முள் நடுவை விட்டு நகரவில்லை. அப்படியும் ஓடுகிறதே என்று போன வாரம் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜங்காரில் ஏறினேன். ஏறினால் எஞ்சினை அணைக்கவேண்டும், உனக்குத் தெரியும். வைப்பினில் இறங்கும்போது வண்டி உயிர் பிடிக்கவில்லை. பின்னால் ஒரே ஹார்ன், நாலு பேர் சேர்ந்து கரைச் சரிவுவரை தள்ளிவிட்டார்கள், கடைசி வண்டியும் இறங்கியதும் ஜங்கார் விலகிப் போய்விட்டது. நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இன்னும் இரண்டு ஆளைக் கூப்பிட இறங்கினேன். மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, அம்மா உள்ளே இருந்தாள். ஹேண்ட்பிரேக் பிடி விட்டது. வண்டி பின்னால் உருள்கிறது, பின்னால் வெறும் தண்ணீர். மீன் இறக்க வந்த அனில் என்ற பையன், சேட்டா, பிரேக் சவிட்டு, சவிட்டு என்று அலறுகிறான், மிதிக்க நான் உள்ளே இருந்தால்தானே. கதவைத் திறந்து குப்புற விழுந்து கையால் பிரேக்கை அமுக்கினேன், அவன் மீன்பெட்டியைச் சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளினான். உன் அம்மா என்னைப் பார்த்து, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா, நகருதே என்றாள். கால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவைத்தேன். இன்றுதான் அவளுக்கு உண்மை தெரிகிறது, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கோளாறு என்னவென்று பிறகு தெரிந்தது. சேவியர் ஒரு தடித்த வயரை பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு வைத்துப் பிடித்தான், முள் சட்டென்று எழுந்தது. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் சந்தனமும் குங்குமமும் சுண்ணாம்புபோல் காய்ந்து கரண்டை மறித்துக் கிடக்கிறது. பூஜைக்கு முந்தின நாள் நான்தான் துருவைச் சுரண்டிவிட்டுத் திறந்தே வைத்தேன், பூஜை அன்று ஸ்பேனரைத் தொடக்கூடாதே. பளபளவென்று இருந்த இடத்தில் அம்மா பொட்டு வைத்திருக்கிறாள். விஜயதசமி காலையில் பார்க்காமல் அதன்மேலேயே முடுக்கிவிட்டேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, இதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். சேவியர், சேட்டா, வண்டிக்கு நெற்றியில் வைச்சா போதாதா என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது சாவியைத் தொட்டாலே எஞ்சின் பிடிக்கிறது, ஹேண்ட்பிரேக்குக்கும் புதுக் கேபிள் போட்டாயிற்று. ஆனாலும் குழந்தையை இதில் ஏற்ற எனக்குத் தைரியமில்லை மகளே. கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான். நீங்கள் எல்லோரும் டாக்சியில் பாலம் வழியாக முன்னால் போங்கள், நான் மட்டும் வண்டியில் பின்னால் வருகிறேன்.

பனிக்காலம், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அனிலுக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிவர மறக்காதே. செறாய் பெருமாள் உங்களைக் கைவிடமாட்டார்.

இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். உன் அம்மா தலை நிமிராமலே, நீங்க தனியா வர வேண்டாம், நான் முன்சீட்டுல உக்காருவேன், பிரேக்கு எதுன்னு முதல்ல காட்டித் தாங்க என்கிறாள். ஒரு கையில் வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறாள், காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா வெங்கிடாசலம்
(இடது கைப் பெருவிரல்)