ஏழு பங்கு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து பிளான்ட்டின் வாயு சுத்திகரிப்புக் கோபுரத்தில் சத்தம் சரியில்லை. மதியம் கம்ப்ரெஸர் நின்றே போனது. தம்பி வந்து பார்த்துவிட்டு, "அது இல்லாமலே ஓட்டுங்க, விநியோகம் நிக்கக் கூடாது" என்று சொல்லிப் போய்விட்டான். அவன்தான் இங்கே மேனேஜர், சொன்னால் அதுதான் வேதம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இவனை இங்கே சேர்க்கச் சொல்லி நான் வாசலில் நின்றதை யார் நினைக்கப் போகிறார்கள்.

மார்ச் 6

அளந்தேன். ஏழு. நூறு பங்கு மீத்தேனில் ஏழு பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. ஒன்றுக்கு மேல் போகவே கூடாது. மீட்டரில் கோளாறோ என்று இன்னொரு மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதுவும் ஏழு.

இது ஏன் என்று எனக்கே ஒரு முறை எழுதிக்கொள்கிறேன், மண்டை கொதிக்கிறது. சாணமும் சந்தைக் கழிவும் அழுகி வரும் வாயுவில் பாதிதான் எரியும், மீதி கரியமில வாயு. கோபுரத்தில் அழுத்தத்தோடு தண்ணீரைப் பொழிந்தால் கரியமிலம் கரைந்துவிடும், மேலே சுத்தமான மீத்தேன் வரும். பூமிக்கடியிலிருந்து எடுக்கிற வாயுவுக்குப் பதில் அதைக் குழாயில் விடலாம். ஆனால் தண்ணீர் கொஞ்சம் மீத்தேனையும் விழுங்கிவிடும். அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்புவதுதான் செத்துப்போன அந்தக் கம்ப்ரெஸரின் வேலை. வெளியே போகும் மீத்தேன் கரியமிலத்தைவிடப் பல மடங்கு மோசம். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று வாசலில் பலகை வேறு.

மார்ச் 31, திங்கள்

மாதாந்திர அறிக்கை. தம்பி லேபுக்கே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, புதுக் கம்ப்ரெஸர் சொல்லியாச்சு. ரெண்டு மாசம். அது வரைக்கும் ஒன்னுன்னு போடு."

"ஏழுடா."

"எனக்குத் தெரியாதா? ஏழுன்னு போட்டா பசுமைச் சான்றிதழ் போகும். மூடிட்டா நூறு பேர் எங்கே போவாங்க?"

போட்டேன். 0.9. ஒன்று என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வருமாம்! பொய்யிலும் நேர்த்தி. கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24

கொள்முதல் பிரிவில் சும்மா பேச்சுக்கொடுத்தேன். புதுக் கம்ப்ரெஸருக்கு யாரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இந்த முறை முடியாது என்றேன். "அக்கான்னு பாக்கறேன்" என்றான். பார்க்காதே என்றேன். வார்த்தை தடித்தது. நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. செய்ததைச் சொல்லிக்காட்டுகிறவளாக எப்போது ஆனேன்?

மே 5, திங்கள்

எடைமேடைக்கு மாற்றம். பதினெட்டு வருஷ லேப் வேலைக்குப் பிறகு, வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து சாண லாரியை எடை போடுகிறேன். ஈ, டீசல் புகை, ஹார்ன். ஒரு டிரைவர் கேட்டார்: "என்னக்கா, மாடியிலேர்ந்து தள்ளி விட்டுட்டாங்களா?" சிரித்தேன். அழுவதற்கு அங்கே இடம் போதாது.

ஏப்ரல் அறிக்கையில் மார்ச் எண்ணையே திரும்பப் போட்டு அவனே அனுப்பிவிட்டானாம்.

மே 6

அம்மாவிடம் சொன்னேன். "அவன் என்ன தனக்காகவா பண்றான்? கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுத்துடாதே. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடணும்" என்றாள். என் சதையும் அதே வயிற்றில் வந்ததுதானே அம்மா? கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

சான்றிதழ்த் தணிக்கையாளர் காலையில் வந்தார். மூன்று மணிக்குள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். அவர் கார் வாசலில் வந்து நின்றது. முன்னால் ஒரு லாரி மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த லாரி மட்டும் இல்லையென்றால் அவர் போயிருப்பார், நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். கூண்டை விட்டு இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், புகைபோக்கியில நீங்களே அளந்து பாத்தீங்களா?"

"லேப் ரிப்போர்ட் இருக்கேம்மா."

"மார்ச் ரிப்போர்ட்டை எழுதினது நான்தான். அது பொய்."

ஃபைலில் அந்தத் தாளைத் தேடி எடுத்தார். "உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"இதைச் சொன்னா உங்களுக்குத்தான் முதல்ல அடி விழும்."

"தெரியும் சார்."

காரைத் திருப்பச் சொன்னார். அலுவலக ஜன்னலில் தம்பி நிற்பது தெரிந்தது. அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

ஜூன் 12

அவர் அளந்ததில் 7.3.

ஜூன் 27, வெள்ளி

விசாரணை. நீள மேஜை, ஐந்து பேர். தம்பி என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "லேப் கொடுத்த நம்பரைத்தான் அனுப்பினேன்." அட! ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மார்ச் தாளில் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான். கதவைச் சாத்திச் சொன்னதற்குச் சாட்சி ஏது? அவன்தான் போடச் சொன்னான் என்றேன். ஒருவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இனி எந்த அறிக்கையிலும் கையெழுத்திட எனக்கு உரிமை இல்லை. அவனுக்குப் புதுக் கம்ப்ரெஸர் உடனே வாங்க அனுமதி.

ஜூன் 29

அம்மா துணிகளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டாள். தம்பியின் கார் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 22

கம்ப்ரெஸர் வந்து இறங்கியது. லாரியோடு சேர்த்து நான்தான் எடை போட்டேன்.

ஆகஸ்ட் 14

சான்றிதழ் திரும்பக் கிடைத்ததாம். கூட்டத்தில் தம்பி பேசினானாம்: "குறையை நாங்களே கண்டுபிடிச்சு, நாங்களே சரி பண்ணினோம்." ஒரே கைதட்டலாம். எனக்கு அழைப்பு இல்லை. கேன்டீன்காரர் சொல்லித் தெரியும். நாங்கள் என்பதில் நானும் உண்டா என்று அவரிடமா கேட்பது?

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கூண்டுக்கு வந்தாள். கையில் மாத அறிக்கை.

"மேனேஜர் சார் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை காட்டச் சொன்னார் மேடம்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்ல மேடம். நீங்க பாத்தா போதும்னார்."

உட்காரச் சொல்லி, மீட்டரை எந்த உயரத்தில் வைத்தாள், எத்தனை முறை அளந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். 0.6. தாளின் அடியில் இப்போது கையெழுத்துக்கு மூன்று கட்டங்கள்: லேப், மேனேஜர், இயக்குநர்.

சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மேடையில் ஒரு லாரி காத்திருந்தது. பன்னிரண்டு டன்.