கயிற்றைப் பிடித்தவர்கள் கண்ணை மூட வேண்டாம்

என் செல்லச் சண்டைக்கார பிரின்ஸ் அண்ணனுக்கு,

நம் சபை மண்டபத்தின் மேடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திரைக்கு உள்பக்கம், வலது ஓரத்தில், நீ வயரைச் சுருட்டிப் போட்டு வைக்கிற அதே மூலை. எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்திக்கு நாடகம், அண்ணா. அதை நடத்தப் போகிறவள் நான். 

நடத்துவது என்றால் நடிப்பதல்ல. உன் தங்கச்சிக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது என்று உனக்குத் தெரியாதா? நான் ஓரத்தில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இருட்டில் நிற்பவள். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், திரையை எப்போது இழுக்க வேண்டும், மேலே தொங்குவது விழாமல் நிற்குமா, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். நீ கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வேலையை நான் திருவனந்தபுரத்தில் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறேன். பாறசாலையிலிருந்து தினமும் ரயில். மேடைக்குப் பின்னால் இருக்கிற வேலைக்கு இரண்டு வருடப் படிப்பா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா அடுக்களையிலிருந்தே கத்தினாள். "ஒருத்தன குடுத்தது போதாதா? உன்னயும் அந்த மேடைக்குக் குடுக்கணுமா?" அப்பா மறுநாள் காலையில் ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவிட்டார்.

நீ போன அந்த நாளை வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் நீ குனிந்து வயர் முடுக்கிக்கொண்டிருந்தாய், உன் தலைக்கு மேலே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் சொல்கிறேன்.

கிறிஸ்மஸ் நாடகம். நேரம் பிந்திப் போயிருந்தது. விளக்குகளெல்லாம் மாட்டிய இரும்புப் பைப்பைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள், மூன்று பேர். பைப் மேலே போய்விட்டது. சுவர்க் கொக்கியில் கயிற்றை ஒரு சுற்று சுற்றியாயிற்று, முடிச்சு மட்டும் பாக்கி. திரைக்கு முன்னால் நின்ற போதகருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மைக்கில் சொன்னார்: "நாம் கண்களை மூடி ஜெபிப்போம்."

நம் ஆட்களை உனக்குத் தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்தால் நடக்கிறவன் நின்றுவிடுவான், சண்டை போடுகிறவன் வாயை மூடுவான். நின்ற இடத்தில் நின்று, கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிடுவோம். தொட்டிலில் கிடக்கும்போதே பழகியது. மூன்று பேரும் கையைக் கூப்பினார்கள். அந்த ஒரு சுற்று வழுக்கி, பைப் உன் மேல் வந்து விழுந்தது.

மூன்று பேரில் ஒருவர் அப்பா.

யாரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவருடைய சித்தம்" என்று சொல்லி அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தமா? ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அதற்கு ஏன் ஆண்டவரை இழுக்கிறார்கள்? ஒன்று மட்டும் இன்னமும் என்னைக் குடைகிறது. அந்த நேரம் நீயும் கண்ணை மூடியிருந்தாயா, அண்ணா?

வகுப்பில் முதலில் கற்றுக்கொடுத்தது முடிச்சுதான். அதற்கு அப்புறம், மேலே எது நகர்ந்தாலும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர்கள் பதில் சொல்லும் வரை யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. என் முறை வந்தபோது எனக்குச் சத்தமே வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். கப்பி சுழலும் சத்தம் கேட்டால் இப்போதும் என் கழுத்து தானாக உள்ளே போகிறது. கூடப் படிப்பவர்கள் ஆமை என்று கூப்பிடுகிறார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை.

படிப்பு முடிய ஆளுக்கொரு நாடகத்தை முழுப் பொறுப்பாக எடுத்து நடத்தியாக வேண்டும். நான் காட்டாக்கடையில் ஒரு பள்ளிக்கூட நாடகத்தைப் பேசி வைத்திருந்தேன். அதற்குள் நம் சபைச் செயலாளர் தங்கராஜ் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். "அவன் போனதுக்குப் பெறவு நம்ம சபையில நாடகமே இல்ல. இந்த வருசம் வைக்கணும்ணு இருக்கோம். நீதான் நடத்தணும் மக்கா," என்றார். வாய் சரி என்று சொல்லிவிட்டது. 

நேற்று ஒத்திகை. பைப்பும் புதுசு, கயிறும் புதுசு, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகச் சங்கிலி. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. கயிறு கட்டி முடிந்தது என்று நான் சைகை காட்டிய பிறகுதான் ஜெபம் தொடங்க வேண்டும், அதற்குள் ஜெபம் வந்துவிட்டால் கயிற்றைப் பிடித்தவர்கள் கண்ணை மூடவே கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். 

தங்கராஜ் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எட்டி, ஜெபத்துக்கு நேரம் குறிக்க நீ ஆராக்கும்? கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுவாங்களா ஆராவது?"

நான் போதகரைப் பார்த்தேன். அன்று மைக்கில் சொன்ன அதே போதகர்தான். அவர், "அவ சொன்ன பெறவு நான் தொடங்குதேன், தங்கராஜே. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

கட்டினார்கள். முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன். கையை உயர்த்தினேன். போதகர் தொடங்கினார்: "நாம் கண்களை மூடி..."

என் கண் மூடிக்கொண்டது, அண்ணா!

நான் மூடவில்லை, அது மூடிக்கொண்டது. இவ்வளவு படித்து, இவ்வளவு பேசி, எல்லாரையும் மிரட்டிவிட்டு! விளக்கு சுவிட்ச் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த, என்னோடு படிக்கிற அஞ்சு என்கிற மலையாளத்துப் பெண் ஹெட்செட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், "சேச்சி... சேச்சி, கேள்க்குந்நுண்டோ?" என்று. அக்கா, கேட்கிறதா என்கிற அந்தச் சத்தம் எனக்கு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

மேடை முழுக்கக் கண் மூடி நிற்கிற ஆட்கள். கொக்கிக்குப் பக்கத்தில் மட்டும் ஒருவர், கட்டி முடிந்த கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பைப்பையே பார்த்தபடி நிற்கிறார். எல்லாருக்கும் சாயா கொண்டுவந்த அப்பா.

ஒத்திகை முடிந்து அவர் பக்கத்தில் போனேன். "நீங்க கண்ண மூடல்லியா அப்பா?"

"முடியல்ல மக்கா. அண்ணைக்கிருந்து முடியல்ல."

"வீட்டு ஜெபத்திலயுமா?"

"அங்கயும்தான்."

"நான் கண்டதே இல்லியே!"

"நீ கண்ண மூடிட்டில்லா இருப்ப," என்று சொல்லிவிட்டுச் சாயாக் கிளாசுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ராத்திரியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் நானும் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் விழித்தபடி எங்களுக்குக் காவல் இருந்திருக்கிறார். மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்திருப்பாரோ? உன் நாற்காலியைப் பார்த்திருப்பாரோ? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் அவரிடம் சொன்னேன். "இண்ணைக்கு நீங்க கயிறு பக்கம் வர வேண்டாம். அம்மகூட முன்னால இருங்க. ஜெபத்துக்குக் கண்ண மூடுங்க. நான் பாத்துக்கிடுவேன்." அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து அம்மாவிடம் இஸ்திரி போடக் கொடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். பயம் போகவில்லை அண்ணா, கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதோடுதான் நிற்கப் போகிறேன். உனக்கு ஒரு வாக்கு. அந்திக்கு எல்லாரும் கண்ணை மூடுகிற நேரத்தில் நான் மூட மாட்டேன். தானாக மூடினால் விரலால் பிடித்துத் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் கயிற்றைப் பார்ப்பேன், பிறகு பைப்பை, அதற்கும் பிறகு அதன் கீழே யாராவது குனிந்து இருக்கிறார்களா என்று. எல்லாம் பார்த்த பிறகு, திரை இடுக்கு வழியாக முன் வரிசையில் அப்பாவைப் பார்ப்பேன். அவர் கண் மூடியிருந்தால் உன்னிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் ஜெபத்தில் விழித்திருக்கப் போகிற உன் தங்கச்சி,
ஷைனி