உன் கைக்கு வராத கேள்வி

என் கூட்டாளிக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நான் இன்று முதல் மீசைக்காரன். மொத்தம் ஏழு முடி. காலையில் முகம் கழுவும்போது விரலில் தட்டுப்பட்டது. முதலில் தடவிப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியவன் நீ. முகம் தடவித்தானே ஆளை அறிவாய்.

எட்டு வயதில் வந்த காய்ச்சல் உன் கண்ணையும் காதையும் கொண்டுபோனது. பேச்சும், அதற்குமுன் படித்த எழுத்தும் மிஞ்சின. உன் உள்ளங்கையில் எழுதிப் பாடம் சொல்ல, பள்ளிக்கூடத்து சிஸ்டர் எங்களில் மூன்று பேரைப் பழக்கினார். முதல் நாள் எங்கள் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சடைத்து, சோற்றின் முன் உட்கார வைத்தார். நான் பக்கத்து இலையில் கைவைத்துக் குட்டு வாங்கினேன்.

"நீங்க வாய் இல்ல, வழி. கேட்டதெல்லாம் அவன் கைக்குப் போகணும். கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்றார்.

மூவரில் வேகமான கை என்னுடையதுதான். மற்றவர்கள் ஒரு வரி எழுதுவதற்குள் நான் பாடத்தையே முடித்துவிடுவேன். 'மின்னல் விரல்' என்று எனக்கு நானே பட்டமும் கொடுத்துக்கொண்டேன். "ஏலே, நீ எழுதுனா கூசுதுலே" என்பாய்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் கெங்குவார்பட்டியிலிருந்து உன் ஆத்தா உன்னைப் பார்க்க விடுதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அன்றைக்கு நான்தான் வழி. அவர்கள் தொண்டையில் விரல் வைத்தபடி நீ உட்கார்ந்திருந்தாய். பசு கன்று போட்டது, தங்கச்சி உன்னைத் தேடுவது என்று பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் கேட்டார்கள்.

"மழை விழுந்தா இங்கன மலைக்காய்ச்சல் வருமாம் ராசா. வீட்டுக்கு வந்துர்றியா, இல்ல இங்கனயே இருக்கியா?"

நான் எழுதியது: எல்லாரும் சுகம். நல்லாப் படி.

"இங்கனயே இருந்து படிக்கேன் ஆத்தா" என்றாய் நீ. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியேறினார்கள்.

நீ என்னை விடவில்லை. "தொண்டை அம்புட்டு நேரம் அசஞ்சுச்சே, இம்புட்டுத்தானா சொன்னாக?"

மிச்சமெல்லாம் இருமல் என்று எழுதினேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது. நீ சிரிக்கவில்லை. மறுநாள் சமையல்கட்டில் ஒரு துண்டு சுக்குக் கேட்டு வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டாய், ஆத்தாவுக்கு என்று.

அவர்கள் மறுபடி வருவதற்குள் உனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நான்கே நாள், நீ போய்விட்டாய்.

உன் வேட்டி முனையிலிருந்த அந்தச் சுக்கைச் சிஸ்டர் அவிழ்த்துக் கொடுத்தபோது ஆத்தா புரியாமல் விழித்தார்கள். "எனக்கு எதுக்குச் சுக்கு? இருமலே இல்லையே." பிறகு அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்: "நான் கூப்பிடாம இல்ல சிஸ்டர். எம்புள்ளதான் இருக்கேன்னான். அவன் ஆசைய நான் கெடுக்கல." அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புதிதாக மூன்று பேரைப் பழக்குகிறார் சிஸ்டர். அந்த வேகத்தை இவர்களுக்குக் காட்டு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அது வேகமே இல்லை. பத்துச் சொல்லில் ஏழு சொல்லை விழுங்கிவிடுவேன், அவ்வளவுதான். ஆத்தா கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. வெளியே சடுகுடுவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதி முடிக்கப் பொறுமையில்லாமல் ஓடினேன். முதல் மூச்சிலேயே பிடிபட்டேன். நான் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடந்திருக்கும்.

ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என் கையிலேயே இருக்கிறது.