கப்பல் திரும்பியதா?

6.3.1994, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் இருந்தவர்கள்: உங்கள் மகள், என் மகன், பேரன், பேத்தி, கீழ்வீட்டு நர்ஸ், துணி தேய்த்துக் கொண்டுவந்தவர், நான். எதற்கு இந்த ஆஜர் எடுப்பு என்று கேட்பீர்கள். நாளைக்கு ஒருத்தர், "நான் அங்கே இல்லவே இல்லை" என்று நழுவக் கூடாது, அதற்குத்தான்.

ஏழரைக்கு நம் விண்வெளிக் கப்பல் தொடரின் கடைசிப் பாகம். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் நிகழ்ச்சி நேரத்தை ஒரு நாளும் தப்பாகப் படித்ததில்லை. ஏழேகாலுக்கே அடுப்பை அணைத்துவிட்டு வந்து டி.வி.யைப் போட்டால், நடித்தவர்கள் பேர் வரிசையாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஏதோ பந்தாட்டத்துக்காக ஆறரைக்கே ஆரம்பித்து முடித்துவிட்டார்களாம். முதல் நாள் செய்தி முடிந்ததும் அறிவித்தார்களாம். அதைக் காதால் கேட்ட மகராசன் என் மகன். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டால், "பொம்மை ராக்கெட்டும்மா, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே" என்கிறான். அதிலிருந்து அவனோடு பேச்சில்லை. தட்டை வைப்பேன், நகர்ந்துவிடுவேன்.

உங்கள் ஊர் டி.வி. நிலையத்தில் எப்போதும் ஒரு வாரம் பிந்தித்தானே வருகிறது. முன்கூட்டியே கதையை எழுதிக் கெடுக்கிறேன் என்று என்னை எத்தனை முறை கரித்துக் கொட்டியிருப்பீர்கள். இப்போது அந்த ஒரு வாரம்தான் எனக்குக் கதி. பார்த்து எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இயந்திரம் பழுது பார்க்கப் பனி நிலாவில் இறங்கிய குட்டைமுடியை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அவள் உள்ளே இல்லை என்று தெரிந்த இடத்தில் போன பாகத்தை நிறுத்தினார்கள். கேப்டன் தாடி கப்பலைத் திருப்பினானா?

எண்ணூறு பேர் இருக்கிற கப்பலை ஒருத்திக்காக எவன் திருப்புவான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள். நம் பிள்ளைகள் கல்யாணம் முடிந்து திரும்பிய வேனை நான் மறக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டது. மற்றவர்கள், நான் பின்னால் வரும் வண்டியில் இருப்பதாக நினைத்தார்களாம். முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் நீங்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தீர்கள். அன்று காலை சாப்பாட்டு விஷயத்தில் நமக்குள் வாய்ச்சண்டை. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. பட்டுப்புடவையோடு லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

அது கிடக்கட்டும். முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

14.3.1994, திங்கள்

அன்புள்ள சம்பந்திக்கு,

வலி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் ஒருவராவது விசாரிக்கிறீர்களே.

சனிக்கிழமை வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பார்த்தேன். கப்பல் திரும்பியது. என் வாய்தான் தோற்றது. தாடி முதலில் ஒப்பவில்லை, எரிபொருள் போதாது என்றான். கணக்குப் போடுகிற கண்ணாடிக்காரனும் தலையாட்டினான். அப்போது ஜன்னல் ஓரம் நின்ற சமையல்காரி கரண்டியைக் கீழே போட்டாள். "வண்டியத் திருப்பு. அவ இல்லாம நான் வரமாட்டேன்" என்றாள். தாடி திருப்பினான்.

குட்டைமுடி பனியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏற்றியதும் சமையல்காரி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "எம்மேல கோவமா?" என்று கேட்டாள். அவள் பதில் சொல்லவில்லை. அதோடு முடித்துவிட்டார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
சம்பந்தி

20.3.1994, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

திரும்பியது என்று படித்ததும் மனசு நிறைந்தது. கீழ்வீட்டு நர்ஸிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் சில சந்தேகம் குடைகிறது. "சாப்பாடு ரெடி" என்பதைத் தவிர அந்தச் சமையல்காரி இதுவரை ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஏது அத்தனை வாய்? கப்பலில் இருக்கிறவள் வண்டி என்றா சொல்வாள்? குட்டைமுடி தலையில் கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அதை யார் கழற்றினார்கள்? தண்ணீரைக் குடித்தாளா, வாங்கி வைத்துக்கொண்டாளா? விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

15.5.1994, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

என் கேள்விகளுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நேற்று டி.வி.யே பதில் சொல்லிவிட்டது. கடைசிப் பாகத்தை மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை என் மகன் அறிவிப்பைக் கேட்ட கையோடு நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டான். அவனோடு பேச ஆரம்பித்திருக்கிறேன், பாதி.

கப்பல் திரும்பவில்லை. தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசையை முன்னால் தள்ளினான். பேத்தி அழுதாள். உங்கள் மகள் என் முகத்தையே பார்த்து, "அம்மா வேற மாதிரி எழுதியிருந்தாங்களே, அத்தை" என்றாள். "உங்கம்மா பாத்தது வேற கப்பல்" என்று சொன்னேன்.

அப்புறம் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி எழுத்துக்கூட்டினேன். அந்த வண்டி என்ன வண்டி என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. ஆடி அசைந்துதான் வந்திருக்கிறது. வந்தது வந்ததுதான். குட்டைமுடி சொல்லாத பதிலை நான் சொல்கிறேன். கோபம் இருந்தது. தண்ணீரைக் குடித்தாயிற்று.

அடுத்த மாதம் இதன் இரண்டாம் தொடர் ஆரம்பமாம். இங்கே சனிக்கிழமை ஏழரைக்கு. உங்கள் ஊரில் வழக்கம்போல் பிந்தும். எதற்கு அந்த வம்பு, இங்கேயே வந்துவிடுங்கள். வேனில் வந்தால் முன் சீட்டிலேயே உட்காருங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

பி.கு. தாடி பாவம், எண்ணூறு உயிருக்குப் பொறுப்பானவன், அவனை விட்டுவிட்டேன். கண்ணாடிக்காரனுக்குக் கணக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. என் மகனுக்கும் பட்டது போதும். ஆனால் குட்டைமுடி கீழே நின்று கையசைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாளே ஒருத்தி. என் கட்டை வேகும் வரைக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள், அந்தச் சமையல்காரி.