கோபால் பாதியில் விட்ட குளியலறை

மே 5, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். துணி காயப்போட்டாச்சு. கிளினிக் வேலைக்குப் பத்து நிமிடம் லேட்.

கீழ்த்தளக் குளியலறையை உடைத்துப் போட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள். கோபால் செய்தது: பழைய குந்துகிற கழிவறையைப் பெயர்த்தது, தரையைக் கொத்தியது, சுவரில் பாதிவரை பைப்பு இழுத்தது. செய்யாதது: மிச்சம் எல்லாம். கழிவுக் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அடைத்திருக்கிறான். அப்படியும் நாற்றம். புதுக் கழிவறைப் பீங்கான் இன்னும் பெட்டியோடு, ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் காடிக்குப் பக்கத்தில்.

இவரை மாடிக்கு ஏற்ற முடியாது. பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கால் இன்னும் இழுக்கிறது, பேச்சு துண்டு துண்டாக. அதனால் குளியல் வீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், ரப்பர் குழாய்த் தண்ணீரில். மறைப்புக்கு இரண்டு பழைய கைலி. பின்வீட்டு மிசஸ் வோங் அந்த நேரம் பார்த்துத் தன் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவார். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் குளிக்கிறார்.

கோபாலுக்கு ஐந்து தடவை போன். ஐந்தாவதில் எடுத்தான். "நாளைக்குக் கண்டிப்பா வாரேன்க்கா. நீங்க எடுத்த டைல்ஸ் இன்னும் கடைக்கு வரல. இப்ப சாமான் கிடைக்கிறதே கஷ்டம், ரொம்ப சூசா லா."

தம்பி தினாவிடம் சொன்னேன். கோபாலைக் கூட்டிவந்ததே அவன்தான். நாங்கள் மூன்று பேரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். "நம்ம தோட்டத்து ஆளுக்கா. ஏமாத்த மாட்டான். கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்துக்கொள்கிறேன்.

வாங்க: பினாயில், வெங்காயம், இவருக்கு பிரஷர் மாத்திரை.

மே 8, வியாழன்

சாயங்காலம் மழை. குளியல் பாதியில். கைலி நனைந்து இவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. காதில் சோப்போடு உள்ளே கொண்டுவந்தேன். துடைக்கும்போது இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். கோபம் என் மேல் இல்லை, தெரியும். ஆனாலும் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் வேலைக்குப் போயிருந்தபோது கோபால் வந்தானாம். வேலை செய்ய இல்லை. தரை கொத்துகிற மெஷினையும் சிமெண்டு மூட்டைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போன் செய்தால்: "பாரிட் புந்தார்ல ஒரு ஸ்கூல்ல பைப்பு வெடிச்சிருச்சுக்கா. அவசரம்."

பள்ளிக்கூடம் என்றதும் சரி என்று போனை வைத்துவிட்டேன்.

மே 10, சனி

அரைநாள் வேலை. கவுண்டரில் பக்கத்தில் உட்காரும் பாத்திமாதான் சொன்னாள், நுகர்வோர் டிரிபியூனலில் போடச் சொல்லி. "வக்கீல் வேணாம்க்கா. பாரம் எழுதிக் குடுத்தா போதும். எங்க அத்தா கடை பிரிட்ஜுக்கு அப்படித்தான் பண்ணாங்க."

தோட்டத்து ஆள் மேல் கேஸா? மனசு வரவில்லை. பாரம் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். என்னென்ன வேலை என்று கோபால் எழுதிக் கொடுத்த காகிதம் வேண்டுமாம். அது தினாவிடம் இருக்கிறது. நாளைக்குப் போய் வாங்கணும்.

மே 11, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

இவரை மிசஸ் வோங் பார்த்துக்கொண்டார். நான் சொல்லாமல்தான் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனேன். தினா வீட்டு வாசலில் கோபால் லோரி.

முதலில் சந்தோஷமாக இருந்தது. வந்துவிட்டானே, நேரில் பேசலாம் என்று.

பின்பக்கம் போனேன். கோபால் குத்துக்காலிட்டுப் புதுக் குளியலறைக்கு டைல்ஸ் இடுக்கு அடைத்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறம், சொரசொரப்பு. என்னுடையது. செமோர் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு டைல்ஸிலும் ஊற்றி, ஈரக்காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து எடுத்தது. கடைக்காரச் சீனர்கூடச் சிரித்தார். எங்கே வழுக்குகிறது, எங்கே வழுக்கவில்லை என்று அரைமணி நேரம். இவர் விழக்கூடாது என்று.

கோபால் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா" என்று மட்டும் சொன்னான். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

தினா ஓடிவந்தான். "எம் பொண்ணுக்கு இருபத்தஞ்சாம் தேதி நிச்சயம்க்கா. சம்பந்தி வீட்டுக்காரங்க பெரிய எடம். அந்தப் பழைய தண்டாஸ் கக்கூசை வச்சுக்கிட்டு எப்படி உள்ள கூப்பிடுறது? முடிஞ்சதும் அடுத்த நாளே ஒன் வீட்டுக்கு வந்துருவான்."

"நாலு வாரமா மாமா வெட்டவெளியில குளிக்கிறாரு தினா. ஒனக்குத் தெரியும்."

"மாமாவுக்கு என்னக்கா தெரியப் போவுது இப்ப."

அவன் பெண்டாட்டி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காகிதத்தைக் கேட்டேன். அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். டெங்கி வந்து தினா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இந்த மாமாதான். நான் இல்லை.

மே 12, திங்கள்

லீவு போட்டு ஈப்போ டிரிபியூனலுக்குப் போனேன். பாரம் கொடுத்தாச்சு. நாலு பிரதி, குளியலறைப் போட்டோ ஆறு. வேண்டுவது என்ன என்ற கட்டத்தில் "வேலையை முடித்துத் தர வேண்டும்" என்று எழுதினேன். கவுண்டர் பெண் "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான்.

ஒரு பிரதி கோபாலுக்கு, ரெஜிஸ்டர் தபாலில்.

மே 16, வெள்ளி

தபால் கிடைத்துவிட்டது போல. தினா போன். "நம்ம ஆளு மேலயே கேஸ் போடுறியாக்கா? நாலு பேரு என்ன பேசுவாங்க? வாபஸ் வாங்கு லா."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன் தினா."

உண்மைதான். கொடுத்திருப்பேன். டைல்ஸையும் கொடுத்திருப்பேன், கோபாலையும் அனுப்பியிருப்பேன். அதனால்தான் தாங்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறான்.

அவன் போனை வைத்துவிட்டான். மீன் தீய்ந்துவிட்டது.

மே 25, ஞாயிறு

நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. கவிதாவுக்கு வளையல் பாத்திமாவிடம் கொடுத்தனுப்பினேன். அவளும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். "கூட்டம் ஜோர்க்கா" என்றாள். வளையல் அளவு சரியாம்.

அடுத்த நாளே வருவான் என்றார்களே. பார்ப்போம்.

மே 30, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

டிரிபியூனல். ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, கூப்பிட்டது பதினொன்றே கால். சின்ன அறை, குளிர். விசாரித்தவர் ஒரு மலாய் அம்மா, மூக்குக் கண்ணாடி, நிதானமான பேச்சு. கோபால் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். தனியாக.

அவன் ஒரு கடிதம் கொடுத்தான். அந்த அம்மா படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். மலாயில் டைப் அடித்தது. நிச்சயம் முடியும்வரை வேலையைத் தள்ளிவைக்கவும், டைல்ஸை மாற்றிக்கொள்ளவும் என் அக்கா சம்மதித்தார், நானே சாட்சி. கீழே தினாவின் கையெழுத்து. பெரிய வளைவு போட்டு, கீழே இரண்டு கோடு. அந்தக் கோட்டை அவன் எட்டாவது வயதிலிருந்து போடுகிறான்.

"உங்கள் தம்பியா?"

"ஆமாம்."

"சம்மதித்தீர்களா?"

"என்னைக் கேட்கவே இல்லை."

தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மா வேலைக் காகிதத்தைத் திருப்பி, கையெழுத்து யாருடையது என்று கோபாலைக் கேட்டார். அக்காவுடையது என்றான். அப்படியானால் தள்ளிவைக்க இன்னொருவர் எப்படிச் சம்மதிக்க முடியும் என்றார். கோபால் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "அக்கா ஒன்னும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்னு தினா சொன்னான். நானும் சரின்னுட்டேன். தப்புதான்."

வேறு ஆளை வைத்து முடிக்க உத்தரவு போடலாம் என்றார் அந்த அம்மா. வேண்டாம் என்றேன். இவனே வரணும். ஆளை அனுப்பக்கூடாது. பதினான்கு நாள், அதே டைல்ஸ் புதிதாக வாங்கி. எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து.

வெளியே லிஃப்ட் பக்கத்தில் கோபால் நின்றான். "கூட்டிக்கிட்டுப் போய் விடவாக்கா?" பஸ்ஸில் வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

கோபால் எட்டு மணிக்கு வந்தான். குளியலறைக்கு எதிரே இவருக்கு நாற்காலி போட்டேன். என் ஏற்பாடு. யாருக்காகச் செய்கிறோம் என்று அவன் பார்த்துக்கொண்டே செய்யட்டும். முதல் நாள் முழுக்க அவன் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

இவருக்கோ போர் அடிக்கவில்லை. மத்தியானம் தூங்கக்கூட மறுத்துவிட்டார்.

ஜூன் 25, புதன்

டைல்ஸ் ஒட்டி முடிந்தது. இவர் இடது கையால் வாளியைக் காட்டினார். கோபால் புரியாமல் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து நீட்டினான். இவர் வேண்டாம் என்று தலையசைத்துத் தரையைக் காட்டினார். ஊற்றினான். தண்ணீர் பாதி ஓடியது, பாதி மூலையில் குளமாக நின்றது.

"வாட்டம்" என்றார் இவர். "வாட்டம்... இல்ல." தண்ணீர் ஓடச் சரிவு போதாதாம்.

தோட்டத்துப் பம்பு வீட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கோபால் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆமாண்ணே" என்றான். ஒட்டியதில் ஆறு டைல்ஸைப் பெயர்த்து எடுத்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து பன் தின்றான். பாவமாக இருந்தது. இருக்கக் கூடாது என்று நினைத்தேன், இருந்தது. இவன் கூடப்பிறந்தவன் இல்லை, பாவப்படலாம். தினா மேல் அப்படி வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

முடிந்தது. தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. கைப்பிடிக் கம்பி இரண்டு, உறுதியாக. பின்னால் கட்டியிருந்த கைலிகளை அவிழ்த்தேன். வெயில் பட்டு வெளுத்துப்போய்விட்டன. மிசஸ் வோங் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கீரை நறுக்கினார்.

இவர் கம்பியைப் பிடித்துத் தானே உள்ளே போனார். நான் பின்னால் போனேன். திரும்பி, "வெளிய" என்றார். கதவைச் சாத்தினார்.

டிரிபியூனலுக்கு முடிந்தது என்று எழுதிப் போடணும். கிளினிக்கில் ஸ்டாம்ப் இருக்கிறதா பார்க்க.

ஜூலை 6, ஞாயிறு

மந்தாரம். மழை வரவில்லை.

பத்து மணிக்கு வாசலில் தினா. கையில் கவிதாவின் கல்யாணப் பத்திரிகை, தட்டில் பழம். ஆவணியில் கல்யாணம். இளைத்திருந்தான்.

"மேடையில மாமாவும் நீயும் நிக்கணும்க்கா. தாய்மாமன் இல்லாத பொண்ணு, அந்த எடத்துல வேற யாரு இருக்கா, பெரியவங்க நீங்கதானே."

கடிதத்தைப் பற்றிப் பேசுவான் என்று காத்திருந்தேன். சம்பந்தி வீட்டுக் காடியைப் பற்றிப் பேசினான். மண்டபத்தைப் பற்றி. பூவைப் பற்றி.

"மாமா குளிக்கிறாரு. வந்ததும் நீயே கேளு" என்றேன்.

உள்ளே தண்ணீர் சத்தம். தினா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் நின்றது. எழுந்துவிட்டான். "இல்லக்கா, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும். நீயே சொல்லிரு." தட்டை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். தடுக்கவில்லை. தேத்தண்ணி வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். பழத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"தினா?"

"ஆமா."

"போயிட்டானா?" திக்காமல், முழுசாக வந்தது.

போயிட்டான் என்றேன்.