நீலக் கெபாயாக்காரியைத் திறந்த கதை

அக்கா,

நேற்று மதியம் பத்து பாகாட் பேரங்காடியில் பொம்மைப் பிரிவுக்குப் புதுச் சரக்கு வந்திருந்தது. வேலைக்காரப் பெண் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கத்தியால் கீறியதும் அந்த வாசம் அடித்தது. புது பிளாஸ்டிக்கும் அட்டையும் பொம்மையின் நைலான் முடியும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்து வெளியே வரும் வாசம். பருப்பு வாங்கப் போனவள் நான். கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெண் நிமிர்வதற்குள் பெட்டிக்குள் கையை விட்டிருப்பீர்கள். "மொத வாசம் நமக்குத்தான்லா" என்று என்னை இடுப்பால் இடித்துத் தள்ளியும் இருப்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் துணிச்சல் வந்து எழுதவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். நடந்தது தெரிந்த இன்னொருவர் நீங்கள் மட்டும்தான்.

இப்போது எல்லோரும் உங்களைத் தங்கமான மனுஷி என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நீங்கள் நல்லவர் இல்லை அக்கா. நானும் இல்லை. அதனால்தான் பதினோரு வருடம் நமக்குள் ஒட்டியது.

தையல் தொழிற்சாலையில் நீங்கள் தரம் பார்க்கும் பிரிவுக்குச் சூப்பர்வைசர். நான் அலுவலகத்தில் கிளார்க். ஒரு நாள் ஏதோ பாரத்தில் கையெழுத்து வாங்க வந்தவர், என் மேசையில் இருந்த சின்னப் பொம்மையைப் பார்த்தீர்கள். அதற்குப் பெட்டி எங்கே என்று கேட்டீர்கள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். "அப்ப இது வெறும் வெளையாட்டுச் சாமான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கையெழுத்து வாங்கவும் மறந்துவிட்டீர்கள். அந்த வாரமே பெட்டியோடு ஒன்று வாங்கி உங்களிடம் காட்டினேன். பெட்டியின் நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்து, பின்பக்கம் அமுங்கியிருக்கிறது என்றீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது.

பெட்டியைத் திறக்கக் கூடாது. பொம்மை சேர்க்கும் நம் கூட்டத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான். கண்ணாடித்தாளுக்கு அந்தப் பக்கம் பொம்மைப் பெண் நிற்பாள், இந்தப் பக்கம் நாற்பது தாண்டிய நாம் நிற்போம். திறந்துவிட்டால் தீர்ந்தது. நம் குழுவில் ஒருத்தியின் கணவர் கோபத்தில் ஒரு பெட்டியைக் கிழித்துவிட்டார் என்று கேட்டபோது, "கைய ஒடச்சிருந்தாக் கூட ஒட்டிக்கலாம்" என்றீர்கள். நாம் யாரும் சிரிக்கவில்லை. சரிதான் என்றே நினைத்தோம்.

கடைக்காரர்களிடம் நீங்கள் அவிழ்த்துவிடும் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன். சிம்பாங் ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பிறந்தீர்களாம், பொம்மைக்கு வழியில்லாமல் செம்பனைக் கொட்டைக்கு முகம் வரைந்து விளையாடினீர்களாம். சீனத்துக் கிழவர்கள் கூடக் கண் கலங்கி, பின்கட்டிலிருந்து பழைய சரக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் என்பதும், உங்களுக்கு மூன்று பொம்மை வாங்கித் தந்தார் என்பதும், மூன்றின் தலையையும் நீங்கள் மொட்டையடித்தீர்கள் என்பதும் எனக்கு மட்டும் தெரியும். காரில் ஏறியதும் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

ஒரு முறை இதே பேரங்காடியில், நமக்கு வேண்டியிருந்த பொம்மையை ஒரு சின்னப் பெண் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கடையில் இருந்தது அது ஒன்றுதான். அவளுடைய அம்மா துணிப் பக்கம் எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, அவ்வளவு கனிவாக, "இதுக்குக் காலு ஒடஞ்சிருக்கு பாப்பா, வேற நல்லதா எடுத்துக்கோ" என்றீர்கள். அவள் பொம்மையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பயந்துபோய்க் கீழே வைத்தாள். கார் நிறுத்துமிடத்தில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவில் இல்லை. நான் சிரித்தது நினைவிருக்கிறது.

உங்கள் நாக்கு என்னையும் விட்டதில்லை. ஒரு தீபாவளிக்குக் குழுவிலிருந்து எல்லோரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கண்ணாடி அலமாரி முன்னால் நின்று, ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் முறை வந்தது. "கோமதிக்குப் புள்ள இல்ல, பொம்மைய வெச்சிருக்கா. எனக்குப் புள்ள இருக்கு, நான் எதுக்கு வெச்சிருக்கேன்னுதான் தெரியல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நானும் சிரித்தேன். என் கணவர் எழுந்து வெளியே போனார். நீங்கள் போகும்போது முறுக்கு நன்றாக இருக்கிறதென்று ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள்.

அடுத்த வருடம் குளுவாங்கில் ஒரு பழைய புத்தகக் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பள்ளிப் பைகளுக்குப் பின்னால், தூசு படிந்த மேல்தட்டில், அவள் நின்றுகொண்டிருந்தாள். மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீலக் கெபாயாச் சட்டை, இடுப்புக்குக் கீழே தொங்கும் கறுப்பு முடி, காதில் பொட்டுப் போல முத்து. சிங்கப்பூரில் கொஞ்ச நாள் மட்டும் விற்றது. படத்தில் பார்த்திருந்தோம், பெட்டியோடு யாரிடமும் இல்லை. முதலில் பார்த்தது நீங்கள். என் கையைக் கிள்ளினீர்கள். ஆசையைக் காட்டினால் கடைக்காரர் உஷாராகிவிடுவார் என்பது உங்கள் கணக்கு. அதனால் ஒன்றும் தெரியாதவர் போலப் பேனாக்களைப் பார்க்கப் போனீர்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எடுத்து, நேராகக் கல்லாவுக்குப் போய் வாங்கிவிட்டேன். நீங்கள் திரும்பியபோது அவள் என் பையில் இருந்தாள்.

திரும்பும் வழியில் ஆயர் ஹீத்தாம் ஊரைத் தாண்டினோம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கண்ணு என்னுது, கை ஒன்னுது" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குத் தீபாவளியன்று வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு வண்டி ஓட்டியது மாதிரி இன்பமாக நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. ஆனால் நீங்கள் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் அவளிடம்தான் போவீர்கள். பெட்டியைத் தொடமாட்டீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

உங்களுக்கு நோய் வந்தது. ஜோகூர் பாருவுக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். முடி கொட்டியது, புருவமும் போயிற்று. வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். நான் சனிக்கிழமைதோறும் கஞ்சி கொண்டு வருவேன். ஒரு சனிக்கிழமை, குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"கோமதி, நீலக்காரியத் தொறந்து கொண்டா. அவ தலைய ஒரு தடவ வாரி விடணும் எனக்கு."

அந்த முறுக்கு டப்பாவை விட்டால், வாழ்நாளில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒன்று அதுதான். கொண்டு வருகிறேன் அக்கா என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். மேல்மூடியின் டேப் ஒரு குமிழ் கூட இல்லாமல் இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் துணி மடித்தேன். மறுநாளும் எடுத்தேன், வைத்தேன். மூன்றாம் நாள் என் மனம் எனக்கே கேட்கிற மாதிரி சொன்னது: இவர் இன்னும் ஒரு மாதம்தான் இருப்பார், திறந்த பெட்டி என்றைக்கும் திறந்த பெட்டிதான். இப்படி நினைத்தவள் நான்தான் அக்கா, வேறு யாரோ அல்ல. உங்களுக்குக் கஞ்சி வைத்த அதே நான்.

நீண்ட முடி வைத்த சாதாரணப் பொம்மை ஒன்று வாங்கினேன். படத்தைக் காட்டி, தையல்காரப் பெண் ஒருத்தியிடம் நீலக் கெபாயா தைக்கச் சொன்னேன். பழசாகத் தெரியட்டும் என்று துணியைத் தேயிலைத் தண்ணீரில் லேசாக நனைத்துக் காயவைத்தேன். இருபத்தெட்டு வருடம் தையலைப் பார்த்தே பிழைத்த ஒருவரை ஏமாற்ற இத்தனையும் செய்தேன். எவ்வளவு முட்டாள்தனம் பாருங்கள்.

சனிக்கிழமை உங்கள் கையில் கொடுத்தேன். முதலில் பெட்டியைத்தான் கேட்டீர்கள். கனமாக இருந்தது, வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றேன். எந்தச் சேகரிப்பாளரும் சொல்லாத பதில் அது. பொம்மையைத் திருப்பி, பின்கழுத்து முடியைத் தூக்கிப் பார்த்தீர்கள். பல வருடம் அட்டையோடு கட்டி வைத்த தலையில் முடி அந்த இடத்தில் மடிந்திருக்கும். இதில் மடிப்பே இல்லை. கட்டிய தடம் தேடி மணிக்கட்டைத் தடவினீர்கள். கெபாயாவின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து மெல்ல உருட்டினீர்கள். பிறகு சீப்பு கேட்டீர்கள்.

வாரினீர்கள். நுனியிலிருந்து சிக்கு எடுத்து, பிறகு மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல். ஒரு மணி நேரம் இருக்கும். உங்கள் கணவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தேன். "வேணாம், நான் மொட்ட" என்றீர்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. தப்பித்துவிட்டேன் என்று வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் குழுவின் கைப்பேசிப் பக்கத்துக்கு உங்கள் குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசியிருந்தீர்கள். "எல்லாரும் கேட்டுக்குங்க. கோமதி எனக்காக நீலக்காரியத் தொறந்துட்டா. நான் வாரி விட்டேன். இனிமே யாரும் அவகிட்டப் போய் அதக் காட்டு, படம் அனுப்புன்னு கேக்காதீங்க. பெட்டிக்காரி இல்ல இனிமே." கீழே அழுகைப் படங்களும் கும்பிடும் கைகளுமாக நிறைந்துவிட்டது. உன் மாதிரி யாருக்கு மனசு வரும் என்று எழுதினார்கள். நான் எல்லாவற்றுக்கும் நன்றி போட்டேன். கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

அதற்குப் பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். மாதா கோயிலுக்குத் தூக்குவதற்கு முன் உங்கள் கணவர் அந்தப் பொம்மையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"இது அவகூடவே போகணும், ஒங்க கையாலதான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியில் உங்கள் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் அவளைப் படுக்கவைக்கக் குனிந்தேன். கெபாயாவின் ஓரம் புரண்டது. உள்பக்கம், தையல் விலகியிருந்த இடத்துக்கு நேராக, சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் பழுது கண்ட இடத்தில் நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கர். நகத்தளவுதான். அத்தனை பேர் நடுவில் அது என்னவென்று தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும். ஓரத்தை மடித்துவிட்டு, அவளைச் சரியாக வைத்துவிட்டு நகர்ந்தேன். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் குரலைத் திரும்பக் கேட்டபோதுதான், போலி என்று தெரிந்தேதான் அதைப் பேசினீர்கள் என்று எனக்கு உறைத்தது. உங்கள் கணவர் என்னிடம் சொல்வார், "அவ ஒங்கள அவ்வளவு நேசிச்சா" என்று. மன்னித்துவிட்டீர்களோ என்று நானும் சில நாள் ஆசைப்பட்டுப் பார்த்தேன். உங்களைத் தெரிந்தவள் நான், அப்படி இருக்காது. பொம்மை சேர்ப்பவளுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களோடு போய்விட்டதாக எல்லோரும் நம்பும் பொம்மையை இனி எப்படிக் காட்டுவேன்? உண்மையான நீலக்காரி இப்போது பெட்டியோடு போர்வைகளுக்கு அடியில் படுத்திருக்கிறாள். கண்ணாடி அலமாரியில் வைக்க முடியாது. யாருக்கும் கொடுக்க முடியாது. என் கணவருக்கும் தெரியாது. இப்போது திறக்கலாமே என்று நினைப்பேன். யாருக்காகத் திறப்பது அக்கா?

காட்ட முடியாததால் கதையாகச் சொல்கிறேன். கேட்காமல் விடமாட்டார்கள். கத்தரிக்கோல் பட்டதும் டேப் எப்படிச் சத்தம் போட்டது, மணிக்கட்டைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நரம்பு எப்படித் தெறித்தது, அவளை வெளியே எடுத்தபோது என் கை எப்படி நடுங்கியது, எல்லாம் சொல்வேன். சொல்லிச் சொல்லி நன்றாகவே வருகிறது. எங்கே நிறுத்தினால் கேட்பவர் அழுவார் என்றும் தெரியும். அந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்துவிடுகிறது.

போன மாதம் குளுவாங்கில் நம் குழு கூடியபோது புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவளும் கேட்டாள், அவளுக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா படுத்த படுக்கை என்று பிறகுதான் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு படம் அனுப்பினாள். தன்னிடம் இருந்ததிலேயே அரிய பொம்மையைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்திருக்கிறாள். "உங்களால்தான் அக்கா எனக்கு மனசு வந்தது" என்று எனக்கு எழுதியிருந்தாள்.

படத்தில் அந்த அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கட்டிலுக்குப் பின்னால் கிடந்த பெட்டியின் மூலை கிழிந்துவிட்டதா என்று பார்த்தேன்.

கோமதி