அடிமூடியைத் திறக்க மறந்தேன்

அன்புள்ள என்னவருக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரை போடுகிறார்களா?

இங்கே நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் நேற்று ஒரு கூத்து. கண்ணாடிக் குழாயில் காய்ந்த மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினேன்; இறங்காமல் மேலேயே நின்றது. மண்தான் சரியில்லை என்று நான் சாதிக்க, மேற்பார்வையாளர் அம்மா குனிந்து பார்த்தார்.

"அடிமூடியத் திறக்கலையேம்மா! உள்ள இருக்கிற காத்து வெளிய போனாத்தானே தண்ணி எறங்கும்?"

திறந்தேன். உஸ்ஸென்று காற்று வெளியேற, தண்ணீர் இறங்கியது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் பிள்ளைகளும் மாறி மாறிப் பேசியபோது வெறும் 'உம்' கொட்டினேனே, அது கோபமில்லை; உள்ளே அழுகை அடைத்து நின்றதால் நீங்கள் சொன்னது எதுவும் இறங்கவில்லை. அடுத்த முறை எடுத்த எடுப்பில் பேசாமல், முதலில் என்னைக் கொஞ்சம் அழவிடுங்கள்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். அழுகைக்குப் பயப்படாதீர்கள், அது வெறும் காற்றுதான்.

உங்கள் வீட்டுக்காரி